பொதுக்கொள்கை மாணவர்களின் எழுத்து: கட்டுரை வருகிறது, மெமோ வரமாட்டேன் என்கிறது

கேள்வி, மார்ச் 4

பொதுக்கொள்கை முதுகலை முதலாண்டு படிக்கிறேன். பள்ளி நாளிலிருந்து கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியவள். இங்கே நான் கொடுக்கும் மெமோ (அதிகாரி முடிவெடுப்பதற்காக எழுதும் கொள்கைக் குறிப்பு) எல்லாம் "நன்றாக எழுதியிருக்கிறாய், ஆனால் இது மெமோ இல்லை" என்ற குறிப்போடு திரும்பி வருகிறது. என்ன படித்தால் என் நடை மாறும்?

பதில், மார்ச் 4, இரவு

உங்கள் நடையில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பரிசு வாங்கிக் கொடுத்த அதே பழக்கங்கள்தான் இங்கே காலை வாரிவிடுகின்றன.

போட்டி நடுவர் கடைசி வரி வரை படித்தே ஆக வேண்டும். தேர்வுத்தாள் திருத்துபவருக்கும் அதே கதி. அதனால்தான் மெல்ல ஆரம்பித்து, பின்னணி சொல்லி, இரு தரப்பு நியாயத்தையும் அடுக்கி, முடிவைக் கடைசிப் பத்திக்கு ஒதுக்கும் பழக்கம் நமக்குள் ஊறிக் கிடக்கிறது. கொள்கைக் குறிப்பைப் படிப்பவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. இரண்டு கூட்டங்களுக்கு நடுவில், யாரோ வாசலில் காத்திருக்கும்போது, அதைப் புரட்டுவார்.

பாடம் நடத்த வருவதற்கு முன் ஒரு துறையில், உயரதிகாரிக்குப் போகும் கோப்புகளுக்குச் சுருக்கம் எழுதும் மேசையில் இருந்தேன். அந்த மேடம் கோப்பை வாங்கியதும் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்புவார். என்ன கேட்கிறார்கள், எவ்வளவு செலவாகும், எந்தத் தேதிக்குள் முடிவு வேண்டும். இவை கண்ணில் பட்டால்தான் முதல் பக்கத்துக்கு வருவார். படாவிட்டால் கோப்பு இடது பக்க அடுக்குக்குப் போகும். அங்கே போனது அந்த வாரம் எழுந்து வராது. அந்த அடுக்கில் மிக நல்ல ஆய்வுகள் தூங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு பிடிவாதம்.

எனவே புத்தகத்தை அப்புறம் தேடலாம். அடுத்த மெமோவை எழுத உட்காரும்முன் ஒரு துண்டுத்தாளில் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: படிக்கப்போகிறவரின் பதவி, படித்ததும் அவர் எதில் கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் என்ன நடக்கும். இந்த மூன்றுக்கும் விடை வராவிட்டால் நீங்கள் இன்னும் எழுதும் கட்டத்துக்கு வரவில்லை, யோசிக்கும் கட்டத்தில்தான் இருக்கிறீர்கள்.

மார்ச் 6

உதாரணம் வேண்டும் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வகுப்பில் வழக்கமாக வரும் தொடக்கம் ஒன்றை நானே எழுதிக் காட்டுகிறேன். பொருள், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் மாணவிகள்.

"கல்வி ஒரு சமுதாயத்தின் முதுகெலும்பு. குறிப்பாகப் பெண்கல்வியின் முக்கியத்துவத்தை அனைவரும் அறிவர். எனினும் இடைநிற்றல் என்பது பல்வேறு சமூக, பொருளாதார, பண்பாட்டுக் காரணிகளால் ஏற்படும் சிக்கலான பிரச்சினையாகும். இதனைக் களைய உரிய நடவடிக்கைகள் எடுக்கப்பட வேண்டும்."

பிழை ஒன்றும் இல்லை. ஓசை கூட நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நான்கு வாக்கியத்தில் எதையாவது கல்வி அமைச்சர் மறுப்பாரா? மறுக்க மாட்டார். அவருக்குத் தெரியாத செய்தி ஏதாவது உண்டா? அதுவும் இல்லை. ஆக, அவர் செய்ய வேண்டிய வேலையும் இதில் இல்லை.

அதே பொருளில் இன்னொன்று. தகவல்கள் கற்பனை, வடிவத்தை மட்டும் பாருங்கள்.

"எட்டாம் வகுப்புக்குப் பிறகு படிப்பை நிறுத்தும் மாணவிகளில் பெரும்பாலோர் உயர்நிலைப் பள்ளி இல்லாத ஊர்களைச் சேர்ந்தவர்கள். மாலையில் கடைசிப் பேருந்து பள்ளி விடுவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறது. இந்தத் தடங்களில் பேருந்து நேரத்தைப் பள்ளி நேரத்தோடு பொருத்தும்படி, அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் போக்குவரத்துத் துறைக்கு ஆணையிடக் கோருகிறோம். கூடுதல் வண்டி தேவையில்லை, ஓட்டுநர்களின் பணிநேர அட்டவணை மட்டும் மாறும். உதவித்தொகையை உயர்த்துவதையும் பரிசீலித்தோம். வீடு திரும்ப வழியில்லாத பெண்ணுக்கு அது பயன்படாது என்பதால் இரண்டாம் இடத்தில் வைத்திருக்கிறோம்."

இதை மறுக்கலாம். போக்குவரத்துத் துறைச் செயலர் "பணிநேரத்தை மாற்றினால் தொழிற்சங்கம் ஒத்துக்கொள்ளாது" என்பார். நிதித்துறை வேறு ஒன்று சொல்லும். அப்படிச் சண்டை பிடிக்க ஒரு பிடி இருக்கிறது பாருங்கள், அதுதான் மெமோ. "பெரும்பாலோர்" என்ற இடத்தில் உண்மையான குறிப்பில் எண்ணும் ஆண்டும் வந்தாக வேண்டும்.

கடைசி வாக்கியத்தை மாணவர்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். நாம் ஒதுக்கிய வழி எது, ஏன் ஒதுக்கினோம் என்று ஒரு வரியாவது சொல்லாவிட்டால் படிப்பவர் அதைத்தான் முதலில் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல நீங்கள் அந்த அறையில் இருக்க மாட்டீர்கள்.

மார்ச் 6, சற்று நேரம் கழித்து

சேர்க்க மறந்தது: மாணவர் வரைவு எது வந்தாலும் "ப்பட வேண்டும்" என்று முடியும் வாக்கியங்களை முதலில் வட்டமிடுவேன். எடுக்கப்பட வேண்டும், உறுதி செய்யப்பட வேண்டும், வலுப்படுத்தப்பட வேண்டும். யார் எடுப்பது? எந்த அதிகாரத்தில்? எந்தப் பணத்தில்? ஆளைப் போட்டு எழுத முயன்றால் பாதிப் பரிந்துரைகள் தாமாக உதிர்ந்துவிடும், ஏனென்றால் அந்த ஆள் யார் என்று எழுதியவருக்கே தெரிந்திருக்காது. மிஞ்சும் பாதியைத் தைரியமாக அனுப்பலாம்.

மார்ச் 10

"முடிவை முதலில் சொல்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு நான் போய்விட்டால் சிலருக்கு அது பாதகமாக முடியும். ஒரு வாசகர் நியாயமாகவே கேட்டிருந்தார்: படிப்பவருக்குப் பிடிக்காத முடிவாக இருந்தால்?

எனக்கு நேர்ந்தது ஒன்று. ஓடாத ஒரு திட்டத்தை நிறுத்தலாம் என்று குறிப்பு எழுதும் வேலை வந்தது. படிக்கப்போகிறவரோ அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தவர். "நிறுத்தப் பரிந்துரைக்கிறோம்" என்று முதல் வரியிலேயே வைத்தால் இரண்டாம் வரியை அவர் படிக்கப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். என் மூத்த அதிகாரி ஒரு மாற்றம் சொன்னார். முதல் வரியில் திட்டம் யாருக்காகத் தொடங்கப்பட்டது என்று வை. இரண்டாம் வரியில் அவர்களில் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று வை. மூன்றாம் வரியில் அதே மக்களுக்கு அதே பணம் போய்ச் சேர வேறு வழியைச் சொல். அப்படியே எழுதினோம். அவர் முழுவதும் படித்தார், கோபத்தோடு என்றாலும் படித்தார், கூட்டம் போட்டார்.

ஆக முடிவு மூன்றாம் வரிக்குப் போனது. மூன்றாம் பக்கத்துக்குப் போகவில்லை. விதி தளர்வது இவ்வளவுதான். பின்னணியை இரண்டு பக்கம் எழுதிவிட்டு "படிப்பவரைத் தயார்படுத்துகிறேன்" என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மார்ச் 13

எங்கே வைக்கிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியவைக்க நான் எப்போதும் காட்டுவது கொலம்பியா விண்கலத்தின் ஸ்லைடுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா ஏவப்பட்டபோது வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் அடித்தது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கையிலேயே பொறியாளர்கள் சேதத்தை மதிப்பிட்டு, நாசா மேலாளர்களுக்குப் பவர்பாயின்ட் ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகளை வைத்துப் பார்த்தால் நமது கணிப்பு பாதுகாப்பான பக்கமே சாய்ந்திருக்கிறது என்ற பொருளில் பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே புல்லட் (புள்ளியிட்ட வரி), அதற்குள் இன்னொரு புல்லட், அதற்குள் இன்னொன்று. எல்லாம் தாண்டி அடியில், சிறிய எழுத்தில், இந்த மோதல் சோதனைத் தரவுகளின் எல்லைக்கு வெகு வெளியே இருக்கிறது என்று ஒரு வரி. அதற்கும் கீழே எண்கள்: அடித்த துண்டு 1,920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது 3 கன அங்குலம்.

வகுத்துப் பாருங்கள், 640 மடங்கு. அந்த வகுத்தலை ஸ்லைடில் யாரும் செய்து காட்டவில்லை.

பிப்ரவரி 1 அன்று விண்கலம் வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். விபத்துக்கு ஸ்லைடுதான் காரணம் என்று சொல்ல முடியாது, காரணங்கள் பல. ஆனால் விசாரணை வாரியம் அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் இந்த ஒரு ஸ்லைடைத் தனியாக எடுத்து அலசியது. மூத்த மேலாளர் ஒருவர் இதைப் படித்துவிட்டு உயிருக்கு ஆபத்தான நிலைமை என்று உணராமல் போவது எளிதில் புரிகிறது என்று எழுதியது. தகவலை யாரும் மறைக்கவில்லை. அது தாளிலேயே இருந்தது. இருந்த இடம்தான் பிசகு.

உங்கள் வரைவில் அந்த 640 எது என்று தேடுங்கள். பெரும்பாலும் அடிக்குறிப்பில் இருக்கும், அல்லது பின்னிணைப்பு அட்டவணையின் நடுவில்.

மார்ச் 14

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் புல்லட் பாயின்டே கூடாதா" என்கிறார்கள். கூடும். 1940 ஆகஸ்ட் 9 அன்று, இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது, பிரிட்டன் பிரதமர் சர்ச்சில் தன் அமைச்சரவைக்கும் துறைகளுக்கும் சுருக்கமாக எழுதச் சொல்லி ஒரு குறிப்பு அனுப்பினார். முக்கியக் கருத்துகளைச் சின்னச் சின்னப் பத்திகளில் வையுங்கள், விரிவான அலசலும் புள்ளிவிவரமும் பின்னிணைப்புக்குப் போகட்டும், பல சமயம் வெறும் தலைப்புகளை எழுதி மற்றதை வாய்மொழியாக விளக்கினால் போதும் என்றார். அவர் கேட்டதே ஏறக்குறைய பட்டியல்தான்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத, சம எடையுள்ள விஷயங்களைப் பட்டியலிடலாம். ஒன்றிலிருந்து இன்னொன்று பிறக்கிறது என்றால் வாக்கியமாக எழுதுங்கள். "அதனால்", "ஆனாலும்", "இல்லாவிட்டால்" என்ற இணைப்புகளைப் புல்லட் விழுங்கிவிடும். நமது வாதமோ அந்த இணைப்புகளில்தான் இருக்கிறது.

மார்ச் 19

நிச்சயமில்லாத விஷயத்தை எப்படி எழுதுவது என்று கேட்டவருக்கு.

1951-இல் அமெரிக்க உளவுத்துறையின் மதிப்பீட்டு அறிக்கை ஒன்று, அந்த ஆண்டு யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடப்பதை "கணிசமான சாத்தியம்" என்ற மாதிரியான சொல்லால் குறித்தது. பிறகு வெளியுறவுத்துறை அதிகாரி ஒருவர், எழுதிய குழுவைச் சேர்ந்த ஷெர்மன் கென்டிடம் "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். கென்ட் மனதில் இருந்தது நூற்றுக்கு 65. கேட்டவர் அதைவிட மிகக் குறைவாக எடுத்துக்கொண்டிருந்தார். சரி, நம் குழுவிலேயே என்ன நினைத்தார்கள் என்று கென்ட் விசாரித்தால், ஒருவர் 20 என்றார், இன்னொருவர் 80 என்றார். எல்லோரும் ஒரே வாக்கியத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டவர்கள்! 1964-இல் இதைக் கென்டே எழுதி வைத்தார்.

இப்போது காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசி இதற்கு அளவே வைத்திருக்கிறது. "வாய்ப்புள்ளது" என்றால் குறைந்தது 66%, "மிகவும் வாய்ப்புள்ளது" என்றால் குறைந்தது 90%, "கிட்டத்தட்ட உறுதி" என்றால் குறைந்தது 99%. மாணவர் மெமோவில் இவ்வளவு வேண்டாம். "நடக்கக்கூடும்" என்று எழுதும் இடத்தில் உங்கள் மனதில் என்ன எண் ஓடுகிறது என்று உங்களையே கேட்டு, அதைத் தாளில் எழுதிவிடுங்கள். எண் எதுவும் ஓடவில்லை என்றால், "இதைக் கணிக்கத் தேவையான தரவு இல்லை, இன்னது கிடைத்தால் சொல்ல முடியும்" என்று எழுதுங்கள். அது பலவீனமான வரி இல்லை. அடுத்து எதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று அதிகாரிக்குச் சொல்லும் வரி.

மார்ச் 20

எண் என்றதும் சதவீதம் நினைவுக்கு வருகிறது. 4 சதவீதம் 6 ஆனால், "2 சதவீதப் புள்ளி உயர்வு" என்பதும் "50 சதவீத உயர்வு" என்பதும் இரண்டும் சரி. எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில் நேர்மை வேண்டும்.

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, சில வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தம் உறையும் ஆபத்தை இரு மடங்காக்குவதாக எச்சரித்தது. செய்தி பரவியதும் பெண்கள் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார்கள். மூல எண் என்ன? 7,000 பேரில் ஒருவருக்கு என்பது 7,000 பேரில் இருவருக்கு என்று ஆனது. அவ்வளவுதான். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடியதாக மதிப்பிட்டார்கள். கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் ஆபத்தோ அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம்.

"இரு மடங்கு" பொய் இல்லை. பக்கத்திலேயே "7,000-இல் ஒன்றிலிருந்து இரண்டாக" என்று சில சொற்கள் சேர்ந்திருந்தால் எத்தனையோ பேர் நிம்மதியாக இருந்திருப்பார்கள். என் மாணவர்களுக்கு இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. மடங்கு எழுதினால் மூல எண்ணும் அதே வாக்கியத்தில் வர வேண்டும்.

மார்ச் 27

பயிற்சி என்ன செய்யலாம் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எனக்குப் பலன் தந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒரு நீண்ட விசாரணை அறிக்கையையோ தணிக்கை அறிக்கையையோ எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்கத்தைப் படிக்காமல் உள்ளே போய், நீங்களே ஒரு பக்கச் சுருக்கம் எழுதுங்கள். பிறகு அவர்கள் எழுதியதோடு ஒப்பிடுங்கள். அவர்கள் முதலில் வைத்ததை நீங்கள் விட்டிருந்தால் ஏன் என்று யோசியுங்கள். சில சமயம் உங்களுடையதே மேல் என்று தோன்றும், அந்த நம்பிக்கையும் தேவைதான்.

வரைவைத் துறை சாராத ஒரு நண்பரிடம் கொடுத்து, ஒரு நிமிடம் கழித்துத் தாளைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். "நான் உன்னை என்ன செய்யச் சொல்கிறேன்?" என்று மட்டும் கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் நட்புக்காக நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்.

உங்கள் பரிந்துரையை எதிர்ப்பவர் எழுதும் மெமோவையும் நீங்களே எழுதிப் பாருங்கள், அவருடைய மிக நல்ல வாதத்தோடு. எனக்குத் தெரிந்து இதைவிடக் கடினமான பயிற்சி இல்லை. இதைச் செய்தவர்களின் அடுத்த வரைவு வேறு மாதிரி வருகிறது.

வாய்விட்டுப் படிப்பது பற்றி எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.

ஏப்ரல் 3

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்தால் ஆகாதா என்ற கேள்விக்கு: வாக்கியத்தைச் சீர்செய்ய, நீளத்தைக் குறைக்க, எதிர்வாதம் கேட்க, தாராளமாகப் பயன்படுத்துங்கள். முதல் வரைவை மட்டும் அதனிடம் விடாதீர்கள். அரைகுறையாக யோசித்ததை நீங்களே எழுதினால் வாக்கியம் தடுமாறும், அந்தத் தடுமாற்றம் "இங்கே இன்னும் முடிவெடுக்கவில்லை" என்று உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். கருவி அதை வழவழப்பாக்கித் தந்துவிடும். எடுக்காத முடிவு எடுத்தது போலவே இருக்கும். அது சொல்லும் எண்ணையும் மேற்கோளையும் மூலத்தில் பார்க்காமல் சேர்க்கவே வேண்டாம்.

ஏப்ரல் 5

இதுவரை நான் எழுதியதைப் படித்தால் வெட்டு, குறை, சுருக்கு என்று மட்டுமே சொல்வது போல இருக்கிறது. எதை வெட்டக் கூடாது என்றும் சொல்ல வேண்டும்.

ஓய்வூதியம் வாங்குபவர்கள் உயிருடன் இருப்பதை ஆண்டுதோறும் நேரில் வந்து நிரூபிக்க வேண்டும் என்ற விதி பற்றி ஒரு குறிப்பு தயாரித்தோம். களத்துக்குப் போன சக ஊழியர், படுக்கையில் கிடந்த ஒரு பெரியவரை நாற்காலியோடு இரண்டு மகன்கள் தூக்கிவந்து மாடிப்படி ஏற்றியதைப் பார்த்து எழுதியிருந்தார். அலுவலகம் முதல் மாடியில். உணர்ச்சிகரமாக இருக்கிறது, எடுத்துவிடலாம் என்று குழுவில் பேச்சு வந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு வாக்கியமாக, எந்தப் பெயரடையும் இல்லாமல், எண்களுக்கு அடுத்து வைத்தோம்: "படுக்கையில் உள்ளவர்களை உறவினர் நாற்காலியில் வைத்து முதல் மாடிக்குத் தூக்கிவருகிறார்கள்." கூட்டத்தில் அமைச்சர் கேட்ட முதல் கேள்வி அதைப் பற்றித்தான். "அலுவலகம் ஏன் மாடியில் இருக்கிறது?" அடுத்த கேள்வி, "நாம் ஏன் அவர் வீட்டுக்குப் போகக் கூடாது?" நாங்கள் பரிந்துரையாக வைத்திருந்ததே அதுதான்.

பக்கம் சுருங்கச் சுருங்க முதலில் வெளியே போவது, அந்தக் கூட்டத்தில் உட்கார முடியாதவர்கள்தான். அவர்களுக்கு ஒரு வரி ஒதுக்கிவிட்டு மற்றதைச் சுருக்குங்கள். ஆனால் உருக்கமாக எழுதாதீர்கள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதினால் போதும்.

ஏப்ரல் 9

கேள்வி கேட்டவர் தன் புதிய வரைவின் முதல் இரண்டு பக்கங்களை அனுப்பியிருக்கிறார். அவர் சம்மதத்தோடு என் குறிப்புகளை இங்கேயே போடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும்.

பொருள் வரியில் "குடிநீர்க் கசிவு தொடர்பாக" என்று இருக்கிறது. "குழாய்க் கசிவைக் கண்டறியும் கருவிகளை இந்த நிதியாண்டிலேயே வாங்க ஒப்புதல் கோரி" என்று மாற்றுங்கள். தலைப்பைப் படித்ததுமே என்ன கேட்கிறீர்கள் என்று தெரியட்டும்.

முதல் இரண்டு பத்தியும் போகலாம். தண்ணீரின் அருமை பற்றி குடிநீர் வாரியத் தலைவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் பத்தி அருமை, அதை மேலே ஏற்றுங்கள். "கசிவு அதிகம் உள்ள ஐந்து மண்டலங்களில் முதலில்" என்று வரிசைப்படுத்தியது நல்ல யோசனை.

"கணிசமான அளவு நீர் வீணாகிறது" என்ற இடத்தில் எண் உங்களிடம் இருக்கிறது, இரண்டாம் பக்க அட்டவணையில் பார்த்தேன். மேலே கொண்டு வாருங்கள். அதே அட்டவணையில் நான்காம் மண்டலத்தின் வரிசை காலியாக இருக்கிறது. அளக்கவில்லையா, அளந்தும் கிடைக்கவில்லையா என்று கீழே ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள், மறுபடி பார்க்கிறேன்.